செத்துப்போன கேம் கேரக்டர திருப்பி கொண்டு வாங்கன்னு கேக்குறது என்ன விஷயம்? புதுசா கேள்விப்படுறவங்களுக்கு

கேம் ஆடுற பசங்க வீட்டுல இருந்தா இந்தப் பேச்சு காதுல விழுந்திருக்கும், "அவன கொன்னது தப்புடா, திருப்பி கொண்டு வரணும்", "பெட்டிஷன் போட்ருக்காங்க, நீ சைன் பண்ணிட்டியா?". கேக்குற பெரியவங்களுக்கு யாரு செத்தா யாரு கொன்னான்னு பக்குன்னு இருக்கும், அப்புறம் விசாரிச்சா ஏதோ ஒரு வீடியோ கேம்ல வர்ற ஆளு. "பொம்மைக்குப் போய் அழுவாங்களா"ன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. அது சரியில்லன்னு நான் நினைக்கிறேன், அதனால கேம் பக்கமே போகாதவங்களுக்கும் புரியுற மாதிரி இத கொஞ்சம் விரிவா எழுதுறேன்.

முதல்ல, கேம்ல சாவு எல்லாம் ஒரே மாதிரி இல்ல. பிஜிஎம்ஐன்னு போன்ல ஆடுற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடும்போது எவனாவது சுட்டா செத்தோம், அடுத்த மேட்ச் போட்டா அதே ஆளு அதே சட்டையோட பாராசூட்ல குதிப்பான், இதுக்கு யாரும் வருத்தப்படுறதில்ல. ரெண்டாவது, ஆட்டத்தோட ரூல்லயே இருக்குற சாவு. ஜப்பான்ல 1990ல ஆரம்பிச்ச ஃபயர் எம்ப்ளம்னு ஒரு சீரிஸ் இருக்கு, அதுல உங்க படையில ஒருத்தன் சண்டையில செத்தா அவ்ளோதான், மிச்ச கேம் முழுக்க அவன் இல்லாம தான் ஓட்டணும். நிறைய பேரு உடனே ரீசெட் அடிச்சு அந்த சண்டைய முதல்ல இருந்து ஆடுவாங்க, 2010ல இருந்து கம்பெனியே கேஷுவல் மோடுன்னு ஒண்ணு வச்சுக் குடுத்துச்சு, அதுல விழுந்தவன் அடுத்த சண்டைக்கு எந்திரிச்சு வந்துடுவான். இங்கயும் யாரும் கொடி பிடிக்க வேண்டியதில்ல, காப்பாத்துறது ஆடுறவங்க கையில தான் இருக்கு. மூணாவது தான் நம்ம விஷயம், கதைய எழுதுனவங்களே முடிவு பண்ணி கொல்றது. நீங்க எவ்ளோ நல்லா ஆடுனாலும், எத்தன தடவ பழைய சேவ் ஃபைல எடுத்து ஓட்டுனாலும் அந்த எடம் வந்தா அந்த ஆளு சாவான்.

இதுக்கு எல்லாரும் முதல்ல சொல்ற பேரு ஏரித். 1997ல ஸ்கொயர் கம்பெனி பிளேஸ்டேஷனுக்கு விட்ட ஃபைனல் ஃபேன்டஸி 7, மூணு டிஸ்க்ல வந்த பெரிய கேம். அதுல ஏரித் ஒரு பூக்காரப் பொண்ணு, மிட்கார்ங்குற நகரத்தோட சேரிப் பகுதியில இருக்குறவ, சண்டைன்னு வந்தா கூட இருக்குறவங்களுக்கு காயம் ஆத்துறது தான் அவ வேல. முதல் டிஸ்க் முடியுற நேரத்துல அவ மண்டி போட்டு வேண்டிக்கிட்டு இருக்கா, செஃபிரோத்னு வில்லன் மேல இருந்து எறங்கி வாளால குத்திடுறான். முன்னறிவிப்பு கிடையாது, காப்பாத்த ஒரு பட்டன் கிடையாது. அதுவரைக்கும் பல மணி நேரம் ஆடி அவள லெவல் ஏத்தி, அவளோட லிமிட் ப்ரேக்னு சொல்ற சிறப்பு சக்திய எல்லாம் சேத்து வச்சிருப்பீங்க, அதுல கடைசியா வர்ற சக்தி ரொம்ப பெருசு, ரொம்ப மெனக்கெட்டா அவ சாகுறதுக்கு முன்னாடியே வாங்கிடலாம், வாங்கினவங்களும் இருக்காங்க. எல்லாம் ஒரு நிமிஷத்துல போச்சு.

இங்க தான் சினிமாவுக்கும் கேமுக்கும் உள்ள வித்தியாசம் புரியும். படத்துல ஹீரோயின் செத்தா நாம சீட்ல உக்காந்து பாக்குறோம், அவங்க இருந்தப்பவும் பாத்துட்டு தான் இருந்தோம். கேம்ல அவள நடக்க வச்சது நம்ம விரல். எந்த நேரத்துல யாருக்கு உயிர் குறையுது, இப்ப அவள விட்டு மருந்து போட வைக்கணும்னு கை தானா அந்தப் பட்டனுக்குப் போகும், அவ செத்ததுக்கு அடுத்த சண்டையில கை போய்ட்டு அங்க ஆள் இல்லாம நிக்கும். துக்கம் கதையில மட்டும் இல்ல, ஆடுற பழக்கத்துல இருக்கு. இத புரிஞ்சுக்கிட்டா ஏன் ஜனங்க அவ்ளோ பிடிவாதமா கேக்குறாங்கன்னு புரிஞ்சிடும்.

அப்ப என்ன பண்ணாங்கன்னா, முதல்ல கேமுக்குள்ளயே தேடுனாங்க. இந்த ஊருக்கு இத்தன தடவ போனா வருவா, இந்தப் பொருள அந்த எடத்துல வச்சா வருவான்னு ஸ்கூல் ஸ்கூலா புரளி. கேம்ஷார்க்னு கேம குறுக்கு வழியில மாத்துற ஒரு கருவி இருந்துச்சு, அத வச்சு அவள பலவந்தமா குரூப்ல சேத்து பாத்தவங்களுக்கு, சாவுக்கு அப்புறம் வர்ற சில எடத்துலயும் அவ பேசுற வசனம் ஒண்ணு ரெண்டு வந்துச்சு. அவ பூ வளத்த சர்ச்சுக்குப் போனா அங்க ஒரு கண நேரம் அவ உருவம் தெரிஞ்சு மறையும், அது கேம்லயே இருக்குறது தான். இதெல்லாம் பாத்துட்டு "பாத்தியா, முதல்ல உயிரோட கொண்டு வர்ற ஐடியா தான் இருந்துருக்கு"ன்னு நம்புனாங்க. ப்ரோக்ராம்ல மிச்சம் கெடந்த வரிக்கு அப்படி அர்த்தம் எடுக்க முடியாது, ஆனா நம்பணும்னு இருக்குற மனசுக்கு அது போதும். அப்புறம் கும்பலா சேந்து டைரக்டர் யோஷினோரி கிட்டாசே கிட்ட மனு குடுத்தாங்க. அவர் மாட்டேன்னுட்டார், அந்த சாவுக்கு நிறைய அர்த்தம் இருக்கு, திருப்பி கொண்டு வர்றது நடக்கவே நடக்காதுன்னு சொன்னார்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் அதுக்கு அப்புறம் நடந்தது. 2020ல ரீமேக் வந்துச்சு, 2024 பிப்ரவரி 29ல அதோட ரெண்டாம் பாகம் ரீபர்த் வந்துச்சு. ரீமேக்ல விதிய காவல் காக்குற மாதிரி சில ஆவி உருவங்கள், கதை பழைய பாதையில இருந்து விலகப் பாத்தா வந்து தடுக்கும். பழைய கேம ஆடுனவனுக்கு உடனே தெரிஞ்சிடும், பழைய பாதைன்னா ஏரித் சாகுற பாதை. அப்ப இந்த தடவ மாறுமா மாறாதாங்குற கேள்விய கம்பெனியே கதையா ஆக்கிடுச்சு. (ரீபர்த் இன்னும் ஆடாதவங்க இந்த ஒரு வரிய தாண்டிப் போயிடுங்க.) அந்த எடம் வரும்போது கூட இருக்குறவங்க எல்லாம் அழுவாங்க, ஹீரோ கிளவுட் கண்ணுக்கு மட்டும் அவ உயிரோட நின்னு பேசுவா. 20 வருஷத்துக்கு மேல ஃபேன்ஸ் ஏங்குனது எப்படி இருந்துச்சோ அப்படியே ஹீரோ மனசு அங்க இருக்கு. மனுவ ஏத்துக்கிட்டாங்கன்னு சொல்ல முடியாது, காதுல போட்டுக்கலன்னும் சொல்லவே முடியாது.

எங்க கோத்தகிரி பக்கம் பசங்களுக்கு ஏரித் கதையெல்லாம் தூரம், கையில இருக்குறது போன் தான். கூடலூர் பக்கம் ஆடி மழைன்னா எங்களுக்கு ஐப்பசி கார்த்திகை மழை, எங்கயாவது மரம் விழுந்து கரண்ட் போச்சுன்னா அன்னிக்கு முழுக்க சார்ஜ் இருக்குற வரைக்கும் தான் ஆட்டம். இவங்க முதல்ல பாத்த பெரிய சாவு கேரக்டரோடது இல்ல, கேமோடது. 2020 செப்டம்பர்ல பப்ஜி மொபைல தடை பண்ணாங்க, அடுத்த ஜூலைல பிஜிஎம்ஐன்னு பேர் மாத்தி வந்துச்சு, 2022 ஜூலைல அதுவும் போச்சு, 2023 மே மாசம் திரும்பி வந்துச்சு. அதனால "போனது திரும்பி வரும்"ங்குறது இவங்களுக்கு ரொம்ப சாதாரணமான விஷயமா ஆயிடுச்சு.

என் சித்தி பையன் பத்தாவது படிக்கிறான், கால் ஆஃப் டியூட்டி மொபைல்ல கோஸ்ட்டுன்னு ஒரு ஆளு, மண்டையோட்டு மாஸ்க் போட்டவன், அவன் தான் இவனுக்கு உயிர். ஒரு நாள் "அண்ணா, கோஸ்ட் முன்னாடியே செத்துட்டானாமே, நெசமா?"ன்னு வந்து நின்னான். நெசம் தான். கால் ஆஃப் டியூட்டி வரிசையில 2009ல வந்த மாடர்ன் வார்ஃபேர் 2ல ஜெனரல் ஷெப்பர்ட் கூட இருந்தே துரோகம் பண்ணி கோஸ்ட்ட சுட்டுக் கொல்லுவான், ஆடுற நாம அப்ப ரோச்சுங்குற இன்னொரு வீரனா இருப்போம், நம்மளையும் சுட்டுட்டு ரெண்டு பேரையும் பள்ளத்துல போட்டு பெட்ரோல் ஊத்தி கொளுத்துவாங்க, அது முழுக்க நம்ம கண்ணு வழியா தான் தெரியும். அத ஆடி முடிச்சவங்க விடல, சாகல, தப்பிச்சிருப்பான், அடுத்த பாகத்துல வருவான்னு வருஷக்கணக்கா கேட்டாங்க. 2011ல அடுத்த பாகம் வந்துச்சு, கோஸ்ட் வரல. 2019ல தான் மொத்தக் கதையையும் முதல்ல இருந்து தொடங்குனாங்க, 2020 தொடக்கத்துல கோஸ்ட் அதுல ஆடக்கூடிய ஆளா வந்தான், 2022ல வந்த பாகத்துல முக்கியமான ஆளே அவன் தான்.

இத ரீபூட்னு சொல்லுவாங்க. செத்தவன் எழுந்து வரல, அந்த சாவே நடக்காத வேற கதை, அதே பேரு, அதே மாஸ்க், குரல் குடுக்குறவர் கூட வேற. கம்பெனிக்கு இது தான் சுலபமான வழி, பழைய சாவு பழைய கேம்ல பத்திரமா இருக்கும், புது ஆளுக்கு யாரும் விளக்கம் கேக்க முடியாது. ஆனா ரீபூட்ல இன்னொன்னும் இருக்கு, புதுக்கதையில புதுசா சாகவும் முடியும். ஸோப்னு கோஸ்ட்டோட கூட்டாளி, பழைய வரிசையில 2011ல மக்காரோவ்ங்குற வில்லனால செத்தான், 2023 நவம்பர்ல வந்த புது மாடர்ன் வார்ஃபேர் 3ல அதே மக்காரோவ் கையால மறுபடி சாகுறான். கடைசியில மிச்சம் இருக்குற மூணு பேரும் அவன் சாம்பல ஒரு மலை உச்சியில நின்னு காத்துல விடுவாங்க. அத யூட்யூப்ல பாத்துட்டு என் தம்பி ரெண்டு நாள் ஒழுங்கா பேசல, அப்புறம் ஆரம்பிச்சது தான் "ஸோப்புக்கு பெட்டிஷன் போடுவோம்ணா".

ரீபூட் தவிர வேற வழியும் இருக்கு. ஒண்ணு, முன்கதை. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2010ல வந்தப்ப ஜான் மார்ஸ்டன் கடைசியில சாவான், 2018ல வந்த ரெண்டாம் பாகம் அதுக்கு முன்னாடி நடந்த கதை, அதனால ஜான் உயிரோட இளசா சுத்துறான். யாரையும் எழுப்பாமலேயே திருப்பிக் காட்டிட்டாங்க. ஆனா அதே கேம்ல ஹீரோ ஆர்தர் மார்கன் காசநோய் வந்து சாவான், அந்த இருமல் நம்ம கூடவே மணிக்கணக்கா வரும், ஒருத்தருக்காக ஏங்குனவங்களுக்கு இன்னொருத்தர குடுத்துட்டுப் போனாங்க.

இன்னொரு வழி, கதையிலேயே நிஜமா எழுப்புறது. இது ரொம்ப கஷ்டம், ஏன்னா ஒருத்தன் எந்திரிச்சு வந்துட்டா அதுக்கப்புறம் அந்தக் கதையில எந்த சாவுக்கும் மதிப்பில்ல. இத நல்லா பண்ணதா நான் நினைக்கிறது டெஸ்டினி 2. அதுல கேட்6னு ஒரு ரோபோ, வாய் ஓயாது, எல்லாருக்கும் செல்லம். 2018ல வந்த ஃபோர்சேகன் பாகத்துல அவன கொன்னாங்க. 2024 ஜூன்ல வந்த தி ஃபைனல் ஷேப்ல அவன் திரும்பி வந்தான். இதுல முக்கியம் என்னன்னா அவன சுட்டுக் கொன்னவன் இதுக்கு நடுவுல செத்து, பழைய ஞாபகம் எதுவும் இல்லாம புதுப் பிறவி எடுத்து க்ரோவ்ங்குற பேர்ல நல்லவனா இருக்கான், கொன்னவனும் செத்தவனும் நேருக்கு நேர் உக்காந்து பேசுற எடம் வருது. அதுக்காகத் தான் அவன கொண்டு வந்தாங்க, கதை முடிஞ்சதும் அவன் மறுபடி போயிட்டான். ஃபேன்ஸ் கேட்டது கெடச்சுது, எப்பவும் கூடவே வச்சுக்கன்னு மட்டும் கெடைக்கல. எனக்கு இது ரொம்ப நேர்மையான பதிலா படுது.

இதே கேம்ல தலைகீழாவும் ஒண்ணு நடந்துச்சு. ஸவாலாங்குற தளபதிக்கு குரல் குடுத்த லான்ஸ் ரெட்டிக் 2023 மார்ச்ல நிஜத்துலயே காலமாயிட்டார். உலகம் பூரா இருந்து ஆடுறவங்க கேமுக்குள்ள ஸவாலா நிக்குற எடத்துக்கு வந்து சுத்தி நின்னு சல்யூட் வச்சாங்க. கேரக்டர நிறுத்தல, கீத் டேவிட் அந்தக் குரல எடுத்துக்கிட்டார்.

சரி, கேட்டா ஏன் உடனே குடுக்க மாட்டேங்குறாங்கன்னு கேப்பீங்க. ஒரு ஆள கேம்ல சேக்கணும்னா உருவம் செய்யணும், நடிக்க வச்சு அசைவு எடுக்கணும், குரல் பதியணும், பல மொழியில பண்ணணும், அப்புறம் எல்லாத்தையும் ஓட்டிப் பாத்து சோதிக்கணும். ஆடுறவங்க முடிவ பொறுத்து ஆளுங்க சாகுற கேம்னா தலைவலி இன்னும் ஜாஸ்தி. மாஸ் எஃபெக்ட் வரிசை 2007, 2010, 2012ன்னு மூணு பாகம், முதல் பாகத்துல நீங்க எடுக்குற முடிவு கடைசி பாகம் வரைக்கும் கூட வரும். ரெக்ஸ்னு ஒரு கூட்டாளி முதல் பாகத்துல சாகலாம், பொழைக்கவும் செய்யலாம். அவன் உங்க கதையில செத்துட்டா அடுத்த பாகங்கள்ல அவன் எடத்துல ரீவ்னு வேற ஒருத்தன் குலத்தலைவனா உக்காந்திருப்பான், நம்ம சீரியல்ல ஆள் மாறும்போது கீழ "இவருக்குப் பதில் இவர்"னு போடுவாங்களே, கிட்டத்தட்ட அது தான். ஒரே காட்சிய ரெண்டு ஆளுக்கும் தனித்தனியா எழுதி பதிஞ்சு வச்சிருக்காங்க. ஒருத்தன திருப்பிக் கொண்டு வாங்கன்னு நாம ஒரு வரில கேக்குறதுக்குப் பின்னாடி இவ்ளோ வேல நிக்குது.

அந்த மாஸ் எஃபெக்ட் தான் ஃபேன்ஸ் பிரச்சாரத்துல பாடமா சொல்ல வேண்டியது. 2012ல மூணாம் பாகத்தோட முடிவு யாருக்கும் பிடிக்கல, ஹீரோ ஷெப்பர்ட் (மேல சொன்ன ஜெனரல் இல்ல, இது வேற ஆளு) எந்த வழிய தேர்ந்தெடுத்தாலும் முடிவு கிட்டத்தட்ட ஒரே மாதிரி, வெளிச்சத்தோட கலர் தான் மாறுதுன்னு கொதிச்சுப் போனாங்க. என்ன பண்ணாங்க தெரியுமா? சிவப்பு, பச்சை, நீலம்னு மூணு கலர்ல 400 கப்கேக் கிட்ட ஆர்டர் பண்ணி கேம செஞ்ச பயோவேர் கம்பெனி ஆபீசுக்கு அனுப்புனாங்க, கலர் வேற வேற, உள்ள எல்லாம் ஒரே வனிலா ருசி. கோவத்த இத விட அழகா யாரும் சொல்லி நான் பாத்ததில்ல. இன்னொரு பக்கம் ஆஸ்பத்திரியில இருக்குற குழந்தைகளுக்கு விளையாட்டுப் பொருள் குடுக்குற சைல்ட்ஸ் ப்ளேங்குற அமைப்புக்கு இந்தப் பிரச்சாரத்தோட பேர்ல 80,000 டாலருக்கு மேல சேத்தாங்க, அது காச எதுக்கு குடுக்குறோம்னு குழப்பம் ஆகுதுன்னு கடைசியில நிறுத்தப்பட்டுச்சு. ஜூன் மாசம் கம்பெனி காசு வாங்காம எக்ஸ்டெண்டட் கட் விட்டுச்சு. முடிவ மாத்தல, அதுக்கப்புறம் யாருக்கு என்ன ஆச்சுன்னு விளக்கமா காட்டுனாங்க, எல்லாத்தையும் மறுக்குற மாதிரி இன்னொரு முடிவும் சேத்தாங்க. அப்பவும் மனசு ஆறாதவங்க தாங்களே மாட் செஞ்சு, அதாவது கேமோட ஃபைல்கள மாத்தி, ஷெப்பர்ட் உயிரோட வர்ற முடிவ கம்ப்யூட்டர்ல போட்டு ஆடிக்கிட்டாங்க.

எல்லாம் ஜெயிக்கல. மெகா மேன் லெஜண்ட்ஸ் 2 முடியும்போது ஹீரோ பூமிக்குத் திரும்ப வழி இல்லாம மேல மாட்டிக்கிட்டு நிப்பான். பத்து வருஷம் கழிச்சு மூணாம் பாகம் பண்றோம்னு கேப்காம் சொன்னாங்க, ஃபேன்ஸ ஓட்டுப் போட வச்சு கதாநாயகி உருவம் வரைக்கும் தேர்ந்தெடுத்தாங்க, 2011 ஜூலைல கேமையே ரத்து பண்ணிட்டாங்க. ஒரு லட்சம் பேர் சேருவோம்னு பேர்லயே வச்சு ஃபேஸ்புக்ல குரூப் ஆரம்பிச்சாங்க, இன்னிக்கு வரைக்கும் அவன் எறங்கல. ஆள் பலம் இல்லாம இது தோக்கல, அத விட்டா விக்கும்ங்குற நம்பிக்கை கம்பெனிக்கு வரல, என் கணிப்பு அது தான்.

அசிங்கமான பக்கமும் இருக்கு, அத மறைக்கக்கூடாது. 2020 ஜூன்ல தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2 வந்துச்சு, முதல் பாகத்துல நாம ஆடுன ஜோயல ஆரம்பத்துலயே அடிச்சுக் கொன்னுடுவாங்க. கதைய மாத்தி எழுதுங்கன்னு மனு போட்டது ஒரு பக்கம், அது அவங்க உரிமை. ஆனா ஜோயல கொல்ற ஆபிங்குற கேரக்டருக்கு நடிச்சு குரல் குடுத்த லாரா பெய்லிக்கு கொலை மிரட்டல் அனுப்புனாங்க. எழுதுனது அவங்க இல்ல, சம்பளத்துக்கு நடிச்சவங்க. எழுதுனவரா இருந்தாலும் மிரட்டுறது குத்தம் தான். இந்த மாதிரி நாலு பேரால மத்தவங்க நியாயமா கேக்குறதும் காது குடுக்கத் தகுதியில்லாததா ஆயிடுது.

என் தம்பிக்கு நான் சொன்னத இங்கயும் சொல்லிடுறேன், அவனும் ட்யூஷன் பசங்க சில பேரும் ஸோப்புக்காக எழுத உக்காந்திருக்காங்க. "கொண்டு வா, இல்லன்னா ஆட மாட்டோம்"னு எழுதாதீங்க, அது எல்லாரும் எழுதுறது, அடுத்த பாகம் வந்ததும் நீங்களே முதல் ஆளா டவுன்லோடு போடுவீங்கன்னு அவங்களுக்கும் தெரியும். ஸோப்கிட்ட என்ன பிடிச்சுது, எந்த மிஷன்ல, எந்தப் பேச்சுல, அத எழுதுங்க, 2022 பாகத்துல அவனும் கோஸ்ட்டும் ரேடியோல கடி ஜோக் சொல்லிக்கிற எடம் பிடிச்சுதுன்னா அந்த எடத்த குறிப்பா சொல்லுங்க, அப்ப தான் எழுதுறவங்களுக்கு எத திருப்பிக் கேக்குறாங்கன்னு தெரியும். நடக்கக்கூடியத கேளுங்க. சாம்பல் காத்துல போன ஆள எழுப்பச் சொன்னா கதையே பொய்யாயிடும், ஆனா அவன் படையில சேந்த புதுசுல நடந்த ஒரு முன்கதை, ரெண்டு மூணு மிஷன் இருந்தாலும் போதும், அது எந்தக் கதையையும் உடைக்காது. கம்பெனியோட கருத்து சொல்ற பக்கத்துல போடுங்க, நடிச்சவங்க சொந்தப் பக்கத்துல போய் கொட்டாதீங்க. இங்கிலீஷ் தடுமாறினா சின்னச் சின்ன வரியா எழுதுங்க, படம் வரையத் தெரிஞ்சவன் வரைஞ்சு சேக்கட்டும். முதல் டிராஃப்ட்ல ஒருத்தன் மக்காரோவ திட்டியே ஒரு பக்கம் ரொப்பியிருந்தான், அத எடுத்துட்டு மறுபடி எழுதுறாங்க.